புகை காட்டிய திசையும் முதுகு காட்டிய திசையும்

(1987ஆம் ஆண்டு, புதுவை மூலக்குளம் திடலில், மேஜர் அரிகிருஷ்ணனுக்கு ஊரார் எடுத்த பாராட்டுக் கூட்டத்தில் மில் தொழிலாளி இராமதாஸ் ஆற்றிய உரை)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, பேச எழுந்து, "என் மகன்" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாமல், மீதியைக் கண்ணீரால் சொல்லி முடித்துவிட்டு அமர்ந்திருக்கும் முல்லா வீதிப் பெரியவர், பெரிய மார்க்கெட் வெங்காய மண்டி அப்துல் கையூம் அவர்களே! அவர் அருகில், மாலையைக் கழற்றினால் மரியாதையில்லை, கழற்றாவிட்டால் கழுத்து அரிக்கிறது என்று நெளிந்துகொண்டிருக்கும் விழா நாயகர், மூலக்குளத்தின் முத்து, தரைப்படையின் மேஜர், ஹெலிகாப்டர் விமானி அரிகிருஷ்ணன் அவர்களே! அவரைப் பெற்றெடுத்த ராஜாங்கம் அண்ணே! ஆயம்மா அண்ணி! ஊன்றுகோலை ஓரமாகச் சாத்திவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் மேடையோரத்தில் விறைப்பாக நிற்கும் தலைவரின் மகன் ஹவில்தார் பக்ருதீன் அவர்களே! அவரை ஈன்ற ஜஹபர் நிஷா அம்மையாரே!

முன்வரிசையில், இந்தப் புழுக்கத்திலும் கோட்டுப் போட்டு, கோட்டின்மேல் பதக்கம் குத்தி, பார்ப்பவரை எழுந்து நிற்கவைக்கும் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், நம் ஊர் வாயில் 'சொல்தா', சின்னக்கண்ணு ஐயா அவர்களே! உலையை இறக்கிவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, உலையை ஏற்றாமலே வந்திருக்கும் தாய்மார்களே! ஷிப்டு முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்திருக்கும் என் உயிரினும் இனிய தோழர்களே! மதில்மேல் ஏறியிருக்கும் மழலைகளே, விழுந்துவிடாதீர்கள்! வில்லியனூர் சாலையில் பஸ்ஸை நிறுத்தி எட்டிப் பார்க்கும் டிரைவர் தோழரே, வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கியே வாருங்கள்! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான, பாசமான, பஞ்சாலைத் தொழிலாளியின் வணக்கம்!

நான் இராமதாஸ். மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவன். கேட் கூட்டத்தில் மைக் இல்லாமலே கத்திப் பழகிய தொண்டை இது. இன்று மைக் வேறு கொடுத்துவிட்டீர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ராஜாங்கம் அண்ணனும் நானும் ஒரே ஷிப்டு, எதிரெதிர் மெஷின். பஞ்சும் பறக்கும், பேச்சும் பறக்கும், சூப்பர்வைசர் தலை தெரிந்தால் பேச்சு மட்டும் அடங்கும். அந்தப் பஞ்சுத் தூசியை விழுங்கி, இருமி இருமி அண்ணன் படிக்கவைத்த பிள்ளைதான் இந்த மேஜர்.

நோட்டீசில் பாராட்டு விழா என்று போட்டிருக்கிறோம். பாராட்டுவதற்கு மட்டுமா இத்தனை பேரைக் கூட்டினோம்? இல்லை, தோழர்களே! நான் கோபத்தோடு வந்திருக்கிறேன். யார்மேல் கோபம்? உங்கள்மேல்தான்! என்மேல்தான்! இந்த ஊர் வாயின்மேல்தான்!

நடந்ததைச் சொல்கிறேன். மகன் விடுப்பில் வந்திருக்கிறான், வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைக்கலாம் என்று ஆயம்மா அண்ணி பெரிய மார்க்கெட்டுக்குப் போனார். மீன் விற்கும் குஞ்சம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்:

"ஏன் ஆயம்மா, உம் புள்ளகிட்டேருந்து ஹெலிகாப்டர புடுங்கிட்டாங்களாமே? அப்படி என்னா தப்பு பண்ணுச்சு?"

அண்ணி மீன் வாங்கவில்லை. வெறுங்கூடையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

குஞ்சம்மா! அதோ மூன்றாவது வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார். மூடாதே அம்மா! நீ ஒருத்தி வாய்விட்டுக் கேட்டாய், மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்கள். உன்மேல் எனக்கு மரியாதைதான். அந்த வார்த்தை கிளம்பிய இடம் எது தெரியுமா? நம் மூலக்குளம் டீக்கடை. ராஜாங்கம் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி ஹெலிகாப்டர விட்டுட்டு மறுபடி பீரங்கிப் பட்டாளத்துக்குப் போறான்." இது பெரிய மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது, புடுங்கிவிட்டார்கள் என்று ஆயிற்று. தவளக்குப்பம் போனபோது, தென்னைமரத்தில் கொண்டுபோய் மோதிவிட்டான் என்று ஆயிற்று! இவர் பறக்கிற காஷ்மீரப் பனிமலையில் ஏதையா தென்னைமரம்? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு தாய் அழுதிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்த அண்ணி, மகனை உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்: "தம்பி, ஊருக்குச் சொல்ல வேணாம்ப்பா. அம்மாகிட்டயாவது சொல்லு. என்னா பண்ண?" எதிரியின் குண்டுக்கு அஞ்சாத மேஜர், அம்மாவின் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றார். அவருக்கு வராத பதிலை அவர் சார்பில் சொல்லத்தான் இந்த மேடை. ஆயம்மாவின் தலை இந்த ஊரில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதுவரை நான் மைக்கை விடமாட்டேன்!

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆகாயத்தில் பறக்கிறவரெல்லாம் விமானப்படைக்காரர் இல்லை. தரைப்படைக்கும் ஹெலிகாப்டர் உண்டு. இவர் முதலில் பீரங்கிக்காரர். பீரங்கி மலைக்கு இந்தப் பக்கம் நிற்கும், குண்டு மலைக்கு அந்தப் பக்கம் விழும். எங்கே விழுந்தது என்று சுட்டவனுக்குத் தெரியாது. பார்த்துச் சொல்ல வானத்தில் ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணுக்காகத்தான் பீரங்கிக்காரர்களிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்துப் பறக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பறப்பார்கள், பார்ப்பார்கள், சொல்வார்கள். அதோடு காயம்பட்டவனைத் தூக்கி வருவார்கள், பனியில் சிக்கியவனுக்கு மருந்து கொண்டுபோவார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. சில காலம் பறந்தபின், இறங்கிப் பழைய பட்டாளத்துக்குத் திரும்ப வேண்டும். பீரங்கியோடு, பதுங்குகுழியோடு, சிப்பாயோடு வாழ வேண்டும். அவன் தின்னும் ரொட்டியைத் தின்று, அவன் நடுங்கும் குளிரில் நடுங்கி, பிறகு மறுபடி பறக்கப் போகலாம். இந்த வழக்கத்துக்குத்தான் நம் ஊர் 'புடுங்கிட்டாங்க' என்று பெயர் வைத்திருக்கிறது!

என்ன ஐயா? சின்னக்கண்ணு ஐயா எழுந்துவிட்டார். மைக்கை அவர் பக்கம் நீட்டுங்கள் தம்பி. சொல்லுங்கள் ஐயா. கேட்டீர்களா மக்களே? "நான் இந்தோசீனாவுல சேத்துல படுத்து எழுந்தவன். காலு தரையில படாதவன் எப்பிடிய்யா சொல்தா ஆவான்?" என்கிறார். மெர்சி ஐயா, நன்றி! அதற்குள் பின்னாலிருந்து லுங்கி கட்டிய தம்பி ஒருவர் குரல் கொடுக்கிறார்: "அப்ப ரெண்டு வருசம் பீரங்கி தள்ளிக்கிட்டிருந்தா அவரு எப்பிடி பைலட்டு?"

அடடா! நான் அரை மணி நேரம் சுற்றி வளைத்துச் சொல்ல இருந்ததை நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வரியில் சொல்லிவிட்டீர்கள். இதுதான் இந்த மனிதர் பட்ட பாடு! பீரங்கிப் பட்டாளத்துக்குப் போனால், 'வாப்பா மேகராசா, மண்ணுல நிக்கத் தெரியுமா?' என்பார்கள். ஹெலிகாப்டர் பக்கம் வந்தால், 'வாங்க பீரங்கி, பறக்கறது ஞாபகம் இருக்கா?' என்பார்கள். இருவருக்கும் இவர் விருந்தாளி. இருவருக்கும் இவர்மேல் சந்தேகம். இரண்டு மருமகள்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாமியார் கதை. சரி சரி, தாய்மார்கள் முறைக்காதீர்கள், மாமியார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மருமகள் என்றே வைத்துக்கொள்வோம்!

அந்தத் தம்பி கேட்டதில் நியாயம் இருக்கிறது. மறைக்க மாட்டேன். முன்பொரு முறை பீரங்கியோடு இருந்துவிட்டு ஹெலிகாப்டருக்குத் திரும்பினார். தரையில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டு, அதற்குமேல் அசையாமல் அந்தரத்தில் நிறுத்து என்றார் பயிற்சி கொடுப்பவர். நின்றதா? முன்னால் போகிறது, பின்னால் போகிறது, புதுக் கன்றுக்குட்டி மாதிரி கட்டத்தை விட்டு ஓடுகிறது. பக்கத்தில் இருந்தவர் சொன்னாராம்: "சார், இது பீரங்கி இல்ல. இழுத்தா வராது." இதை எனக்குச் சொன்னவர் யார்? இதோ, மாலைக்குள் முகத்தை மறைக்கிறாரே, இவரேதான்!

தோழர்களே, நமக்கு இது தெரியாதா? கதவடைப்பு முடிந்து, பல மாதம் கழித்து மெஷின் முன்னால் போய் நின்றோமே, நினைவிருக்கிறதா? அறுந்த இழையை ஒட்டப் போனால் பக்கத்து இழை அறுந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலைக்குக் கண்ணைத் திறந்துவைத்தும் கை வரவில்லை. வெட்கப்பட்டோம். ஓடிப்போனோமா? ஒட்டினோம், ஒட்டினோம், விரல் பழைய விரலாகும் வரை ஒட்டினோம். அப்படித்தான் இவரும். தம்மைவிட இளையவர்கள் சிரிக்கச் சிரிக்க, அந்தச் சுண்ணாம்புக் கட்டத்தின்மேல் நிறுத்தினார், நிறுத்தினார், நகராமல் நிற்கும்வரை நிறுத்தினார். தரைக்குப் போவதற்கு ஒரு விமானி கொடுக்கும் விலை இது. கை மறந்துபோகும். மறந்த கையை மறுபடி பழக்க வேண்டும். தெரிந்தேதான் போகிறார்கள்.

எதற்காக? அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது? அதைச் சொல்லத்தான் பக்ருதீன் நிற்கிறார்.

போன வருடத்துக்கு முந்திய குளிர்காலம். பனிமலை எல்லையில் ஒரு காவல் நிலை. ஒரு முகட்டின் உச்சியில், உறைந்த கற்களுக்கு நடுவில், காலாட்படை வீரர்கள் சிலர். அவர்களில் ஒருவர் நம் பக்ருதீன். காலடியில் பனி பிளந்தது. பள்ளத்தில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, உள்ளே ரத்தம் கசிந்து, முகம் வெளுத்துக்கொண்டே போகிறது. கயிறு கட்டி மேலே தூக்கிவிட்டார்கள். கீழே எப்படிக் கொண்டுபோவது? புதுப்பனி விழுந்து பாதையே இல்லை. ரேடியோவில் டாக்டர் சொல்லிவிட்டார்: இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் பிழைக்கமாட்டார். இங்கே முல்லா வீதியில் ஜஹபர் நிஷா அம்மையார் ஒன்றும் அறியாமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்திருப்பார். அங்கே அவர் மகனின் உயிர் சூரியனோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மேகம் கொஞ்சம் விலகியது. கிளம்பியது ஒரு ஹெலிகாப்டர். ஓட்டியவர் இவர். பக்கத்தில் ஓர் இளம் கேப்டன். நல்ல கைக்காரர், புத்தகம் அத்தனையும் மனப்பாடம், மலையில் சிப்பாயோடு கிடந்த அனுபவம் மட்டும் இல்லை. அந்த முகட்டில் இறங்க இருந்த இடம் எவ்வளவு தெரியுமா? இந்த மேடையை விடக் கொஞ்சம் பெரிது. மூன்று பக்கம் பாதாளம். அந்த உயரத்தில் காற்றே மெலிந்திருக்கும், ஹெலிகாப்டரைத் தாங்கிப் பிடிக்கத் தெம்பு போதாது. வீசுகிற காற்றை நெஞ்சில் வாங்கி இறங்கினால் அது கைகொடுத்துத் தாங்கும். முதுகில் வாங்கி இறங்கினால் கீழே அமுக்கிவிடும். ஆகவே காற்று எங்கிருந்து வருகிறது? அந்த ஒரு கேள்வியில் தொங்கியது பக்ருதீன் உயிர். அதோடு ஹெலிகாப்டரில் இருந்த இருவர் உயிரும், கீழே தூக்குப்படுக்கையோடு காத்திருந்தவர்கள் உயிரும்! சுற்றிச் சுற்றிப் பார்க்கலாமே என்பீர்கள். எடை குறைவாக இருந்தால்தான் ஏற முடியும் என்று எண்ணெயை அளந்துதான் ஊற்றியிருந்தார்கள். ஒரே முயற்சிதான்.

காற்றைக் காட்டுவதற்காகக் கீழே சிப்பாய்கள் புகை போட்டிருந்தார்கள். புகை கிளம்பி மேற்கே போகிறது. கேப்டன் சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொல்லியிருப்பார், நான் நம் தமிழில் சொல்கிறேன்: "சார், புகை மேக்கால போவுது. காத்து கெழக்கேருந்து வருது. கெழக்க பாத்து எறங்கிடலாம்." சரிதானே? புத்தகப்படி சரி. கண்ணால் பார்த்தபடி சரி. பறப்பதை மட்டுமே கற்ற எந்த விமானியும் கிழக்கு பார்த்துத்தான் இறங்கியிருப்பார்.

இவர் இறங்கவில்லை.

ஏன்? புகை எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்தார். ஒரு பாறையின் மறைவிலிருந்து கிளம்புகிறது. இவருக்குச் சுருக்கென்றது. பீரங்கிக்காரராக இருந்த காலத்தில், குண்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்வதற்காக, இதேபோல ஒரு முகட்டில், இதேபோலக் காலாட்படை வீரர்களோடு ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தவர் இவர். சிப்பாய் நெருப்புப் பற்றவைத்தால் எங்கே பற்றவைப்பான்? மறைவில்! வெட்டவெளியில் தீக்குச்சி நிற்காது. வெட்டவெளியில் புகை எழுந்தால் எதிரி பார்ப்பான். மறைவில் மூட்டு, மறைவில் மூட்டு என்று முதல் நாளிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன். 'ஹெலிகாப்டருக்குப் புகை காட்டு' என்று உத்தரவு வந்தாலும் அவன் கை தன்னால் மறைவுக்குத்தான் போகும். அவன்மேல் குற்றமில்லை. பட்டாளத்துப் பழக்கம் அது. டீ போட்ட இடத்திலேயே புகையும் போட்டுவிட்டான்!

மறைவில் போட்ட புகை உண்மை சொல்லுமா? நம் கடற்கரையில் கட்டுமரத்தைச் சாய்த்துவைத்து, அந்த மறைவில் குந்தி பீடி பற்றவைக்கிறீர்களே, கவனித்திருக்கிறீர்களா? காற்று கடலிலிருந்து அடிக்கும். பீடிப் புகையோ கடலைப் பார்த்துப் போகும். மோதி, சுழன்று, திரும்பி வரும் காற்று அது. இப்போது தலையாட்டுகிறீர்கள், பீடி குடிப்பவர்கள் யார் யாரென்று வீட்டுக்காரம்மாக்கள் பார்த்துக்கொள்ளுங்கள்!

புகை நம்பத்தக்கதல்ல. சரி, வேறு எதைப் பார்ப்பது? கொடி இல்லை, மரம் இல்லை. இவர் ஆட்களைப் பார்த்தார். தூக்குப்படுக்கையைச் சுற்றி நான்கைந்து பேர் குறுகி நிற்கிறார்கள். அத்தனை பேர் முதுகும் ஒரே பக்கம். மேற்குப் பக்கம்! காத்துக் கிடக்கும் சிப்பாய் காற்றுக்கு முதுகைக் கொடுத்துத்தான் நிற்பான். இவரும் அப்படி நின்றவர். யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டாம், காது மடல் சொல்லித்தரும். புகை கிழக்கென்கிறது. முதுகு மேற்கென்கிறது.

"புகைய விடு. முதுகப் பாரு. மேக்க பாத்து எறங்கறோம்" என்றார் இவர்.

அந்தக் கேப்டன் ஒரு நொடி இவர் முகத்தைப் பார்த்தாராம். தவறாக இருந்தால் கேட்பதற்கு அடுத்த நொடி இல்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு, என்ஜினின் பலம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முள்ளைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். ஹெலிகாப்டர் திரும்பியது. தாழ்ந்தது. முகட்டின் விளிம்புக்கு வந்ததும் காற்று மோதியது. எந்தப் பக்கமிருந்து? நெஞ்சுப் பக்கமிருந்து! மேற்கிலிருந்து! தாங்கிப் பிடித்தது! கிழக்கு பார்த்து இறங்கியிருந்தால் அந்தக் காற்றே பாதாளத்தில் தள்ளியிருக்கும்.

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் இன்னும் முடியவில்லை. எந்தப் பக்கம் பார்த்து இறங்குவது என்று இவருக்குள் இருந்த சிப்பாய் சொல்லிவிட்டான். எப்படி இறங்குவது என்று இனி விமானிதானே சொல்ல வேண்டும்? முழுதாக இறங்க இடம் போதவில்லை. அந்த ஹெலிகாப்டருக்குச் சக்கரம் கிடையாது, நீளவாக்கில் இரண்டு இரும்புக் கால்கள். ஒரு கால் கல்லின்மேல், மறு கால் அந்தரத்தில். என்ஜினை நிறுத்தினால் அந்தக் குளிரில் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ, ஆகவே விசிறி தலைக்குமேல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காற்று உலுக்குகிறது. குனிந்தபடி ஓடிவந்து ஏற்றுகிறார்கள். ஏற்றும்வரை இம்மி நகராமல் நிறுத்திப் பிடித்தாரே, அந்தக் கை எந்தக் கை? சுண்ணாம்புக் கட்டத்தின்மேல் இளையவர்கள் சிரிக்கச் சிரிக்கப் பழகிய கை!

ஹெலிகாப்டர் பள்ளத்தாக்கில் சரிந்து இறங்கியது. பின்னால் படுத்திருந்தவர் முனகினார்: "அம்மா... அத்தா..." கேப்டன் மைக் வைத்த ஹெட்போனை எடுத்து பக்ருதீன் காதில் மாட்டிவிட்டிருந்தார், ஆகவே முனகல் இவருக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியாது. பார்க்காமலே கேட்டார்:

"எந்த ஊருப்பா?"

"பாண்டிச்சேரி... சார்."

"பாண்டில எங்க?"

"முல்லா வீதி."

"நான் மூலக்குளம்டா! கண்ண மூடாத. பேசிக்கிட்டே வா. அத்தா என்னா பண்றாரு?"

"பெரிய மார்க்கெட்ல... வெங்காய மண்டி."

"எந்தப் பக்கம்? மணிக்கூண்டு பக்கமா? வெங்காயம் என்னா வெல விக்கிது?"

"தெரியல சார்... லீவுல போனாதான்..."

"போவ. போய் கேட்டு எனக்குச் சொல்லணும். இது உத்தரவு!"

உத்தரவு நிறைவேறிவிட்டது! இன்று காலை ஊன்றுகோலோடு மூலக்குளத்துக்கு வந்து, வாசலில் நின்று சல்யூட் அடித்து, வெங்காய விலையைச் சொன்னாராம் பக்ருதீன். ஆயம்மா அண்ணி ஒன்றும் புரியாமல், "வெங்காயம் வேணாம்ப்பா, நேத்துதான் வாங்கினோம்" என்றாராம்! சிரித்துக்கொண்டே அழவைக்கும் நாள் இது, அழுதால் தப்பில்லை.

இப்போது கேட்கிறேன். சின்னக்கண்ணு ஐயா, பக்ருதீனைக் காப்பாற்றியது யார்? சொல்தாவா? சொல்தா மட்டும் இருந்திருந்தால் முதுகைப் பார்த்திருப்பான், பறந்திருக்க மாட்டான். லுங்கித் தம்பி, நீ சொல். விமானியா? விமானி மட்டும் இருந்திருந்தால் பறந்திருப்பான், புகையை நம்பியிருப்பான். மண் தெரிந்த மனிதனும் விண் தெரிந்த விமானியும் ஒரே உடம்பில், ஒரே நொடியில் இருந்ததனாலல்லவா ஒரு தாய் வயிறு பிழைத்தது! ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியைத் தொலைத்திருந்தால், இன்று இந்தத் திடலில் கூட்டம் ஏது? இந்த மாலை ஏது? மேடையோரத்தில் நிற்கும் இந்த மகன் ஏது?

சென்ற ஆண்டு நவம்பரில் தரைப்படை தன் விமானிகளுக்கென்று தனிப் பிரிவே அமைத்துவிட்டது. பெருமைதான். இனி பீரங்கிப் படையின் தயவில் இருக்க வேண்டாம். ஆனால் தனி வீடு கிடைத்ததும் பழைய வீட்டை மறப்பது மனித குணம். 'இனி நாங்கள் விமானிகள், பறப்பது மட்டுமே எங்கள் தொழில்' என்று இளையவர்கள் சொல்ல ஆரம்பித்தால்? புகையை நம்பி இறங்குகிறவர்கள் பெருகிப்போவார்கள். இவருக்கு, 'விருப்பமிருந்தால் பறந்துகொண்டே இருக்கலாம்' என்று மேலிடம் சொல்லியிருக்கிறது. இவர்தான் கேட்டிருக்கிறார், 'எனக்கு ஒரு பேட்டரி கொடுங்கள், பீரங்கியோடு மலைக்குப் போகிறேன்' என்று. பேட்டரி என்றால் டார்ச் லைட்டுக்குப் போடுவது இல்லை, ஒரு பீரங்கிக் குழு. "நான் போகலைன்னா, எனக்குப் பின்னால வர்ற புள்ளைங்கள போன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு சித்தப்பா?" என்று என்னைக் கேட்டார். பல பீரங்கிகளுக்கும் அத்தனை ஆட்களுக்கும் தலைவராகப் போகிறார் ஐயா! அதுவும் தாமே கேட்டு வாங்கிய பதவி!

அண்ணி! ஆயம்மா அண்ணி! உங்கள் மகனிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. எழுந்து நில்லுங்கள் அண்ணி. தலையை நிமிர்த்துங்கள். இந்த ஊர் உங்களைப் பார்க்கட்டும்!

பொறுங்கள், பொறுங்கள்... தலைவர் என்ன செய்கிறார்? நாங்கள் போர்த்திய பொன்னாடையை எடுத்து மனைவியிடம் கொடுக்கிறார். ஜஹபர் நிஷா அம்மையார் மேடைக்கு நடுவில் வருகிறார். ஆயம்மா அண்ணிக்குப் போர்த்துகிறார். அணைத்துக்கொண்டார். இரண்டு தாய்மார்களும் அழுகிறார்கள். இதற்குமேல் எந்த மேடையிலும் யாரும் பேசிவிட முடியாது.

...ம். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் துண்டு கொடுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. இது எனக்கே இன்று மதியம்தான் தெரியும், மேஜரின் வாயைப் பிடுங்கித்தான் வாங்கினேன். நாளை இவர் விழுப்புரத்தில் ரயில் ஏறுகிறார். இனி இவர் பூமியில் நிற்பார். ஒருநாள் இவரோ, இவருடைய சிப்பாய் ஒருவனோ அந்தப் பனியில் அடிபட்டுக் கிடக்கலாம். அபசகுனமாகப் பேசாதே என்று தாய்மார்கள் முறைக்கிறீர்கள், ஆனால் படைவீரன் வீட்டில் உண்மையைத்தான் பேச வேண்டும். அன்று மேலே ஒரு ஹெலிகாப்டர் வரும். அதில் வருபவன் புகையை நம்புவானா, முதுகைப் பார்ப்பானா? அண்ணியின் பிள்ளை உயிர் அப்போது அவன் கையில்!

அந்தக் கேப்டன் இருந்தாரே, புத்தகமெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த நல்ல கைக்காரர், பக்கத்தில் உட்கார்ந்து "கெழக்க பாத்து எறங்கிடலாம்" என்று சொன்னவர், அவர் இப்போது எங்கே இருக்கிறார் தெரியுமா? யாரும் அவரை அனுப்பவில்லை. அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டு, பறப்பதை நிறுத்திவிட்டு, பனிமலை முகடு ஒன்றில், காலாட்படைச் சிப்பாய்களோடு, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருக்கிறார்!

எழுந்துவிட்டீர்கள்! திடலே எழுந்துவிட்டது! அப்படியே நில்லுங்கள். இந்த மேஜருக்கும், இப்போது அந்த மலையில் நிற்கும் அந்தப் பெயர் தெரியாத பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இந்தக் கைதட்டல். மேடை போட்ட தோழர்களுக்கும், மைக் கட்டிய தம்பிக்கும், இவ்வளவு நேரம் பஸ்ஸை நிறுத்திவைத்த டிரைவருக்கும், அதைப் பொறுத்துக்கொண்ட பயணிகளுக்கும், திட்டியும் சிரித்தும் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. மேஜர் அவர்களே, நல்லபடியாகப் போய் வாருங்கள்! பெரியோர்களே, தாய்மார்களே, தோழர்களே, வணக்கம்!